ஏறாத விமானத்துக்கு ஒரு ஸ்தோத்திரக் காணிக்கை

1

சென்ற வாரம் ஒரு விமானம் விழுந்தது. எந்த நாட்டு விமானம், எங்கே விழுந்தது என்பதெல்லாம் இதற்குள் உங்கள் பத்திரிகைகளில் படத்தோடு வந்திருக்கும். ஜாம்பியாவின் இந்தச் செம்புச் சுரங்க ஊரில் எங்களுக்கு வானொலிதான். பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்கள் அறையில் காலைத் தேநீரோடு செய்தியும் வந்தது. உடனே பூகோள ஆசிரியர், இங்கிலாந்துக்காரர், என் பக்கம் திரும்பி, டிசம்பரில் நான் ஊருக்குப் போவதாக இருந்தேனே, அது நிச்சயம்தானா என்று விசாரித்தார். டிசம்பரில் ஊருக்குப் போகிறவர்கள் அந்த அறையில் பாதிப் பேர். என்னை மட்டும் ஏன் கேட்டார்? அன்று முழுக்கக் கணக்குப் பாடம் நடத்திக்கொண்டே அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்தால் என் மகள் சுகந்தி வாசலிலேயே, "அப்பா, ப்ளேன் கீழே விழுந்துட்டான், கேட்டீங்களா?" என்றாள். பதினாறு வயது. கைக்குழந்தையாக இங்கே வந்தவள். அவள் தமிழில் விமானம், பஸ், ஐஸ் பெட்டி எல்லாம் ஆண்பிள்ளைகள். முன்பெல்லாம் திருத்துவேன். இப்போது அவள் தமிழில் பேசுகிறாளே என்று விட்டுவிடுகிறேன்.

"அப்போ நீங்க உங்க தாம்பரத்துக்குப் போக மாட்டீங்களா?" என்று அடுத்த கேள்வி.

உங்க தாம்பரமாம். அது தன் ஊர் இல்லை என்று இவள் எப்போது முடிவு செய்தாள், என்னிடம் யாரும் சொல்லவில்லையே? சமையலறையிலிருந்து என் மனைவி கிரேஸ் சிரிக்கிற சத்தம் கேட்டது. அவள் ஏன் சிரித்தாள் என்பது எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரிய வேண்டுமானால் சுகந்தி சின்னப் பிள்ளையாக இருந்த ஒரு வருடத்துக்குப் போக வேண்டும்.

2

அந்த வருடம் என் அக்கா ரெஜினாவின் மகளுக்குத் தாம்பரத்தில் கல்யாணம். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் இந்த அக்காதான். கிரேஸுக்கும் சுகந்திக்கும் சேர்த்து டிக்கெட் எடுக்க வசதியில்லாததால் நான் மட்டும் வந்தேன். மேற்குத் தாம்பரத்தில் அக்கா வீட்டில் தங்கி, கல்யாணத்தில் ஓடியாடிப் பரிமாறி, சம்பந்தி வீட்டாரோடு ஒரு சின்னச் சண்டையும் போட்டு, எல்லாம் நல்லபடி முடிந்தது. வெள்ளிக்கிழமை மாலை மீனம்பாக்கத்தில் விமானம். பம்பாய் போய், நைரோபி போய், லுசாக்கா போய்ச் சேர வேண்டும்.

அந்த வாரம்தான் ஒரு விமானம் கடலில் விழுந்தது. நான் போகிற கம்பெனி இல்லை. நான் போகிற பாதையும் இல்லை. காலையில் பேப்பரை விரித்தால் முதல் பக்கத்தில் கடல் படம். வெறும் கடல். அதில் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. அதனால்தான் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

இத்தனைக்கும் நான் விமானத்தைக் கண்டு மிரளுகிறவன் அல்ல. தாம்பரத்துப் பையனுக்கு விமானம் புதிதா? கிழக்கே பயிற்சி விமானங்கள் காலை முழுவதும் வட்டம் போடும், வடக்கே மீனம்பாக்கத்தில் பெரிய விமானங்கள் இறங்கும். அவற்றுக்குக் கீழேதான் கிரிக்கெட் ஆடி வளர்ந்தோம். அதற்கு முன் பலமுறை ஏறி இறங்கியும் இருக்கிறேன். அதனால் இது பயம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எனக்கு வந்தது சந்தேகம். படித்தவனுக்குச் சந்தேகம் வந்தால் மரியாதைக் குறைவில்லை.

போகாமல் இருக்கவும் முடியாது. பள்ளி திறக்கிற நாளில் நான் அங்கே போய்க் கையெழுத்துப் போடாவிட்டால் ஒப்பந்தம் முடிந்தது. நாங்கள் குடியிருந்த வீடு பள்ளிக்கூடத்துடையது, என் வேலையோடு சேர்ந்தது. கிரேஸுக்கு அப்போது அங்கே வேலை இல்லை. எட்டு வயதுப் பெண்ணை வைத்துக்கொண்டு அவள் அந்நிய ஊரில் நடுத்தெருவில் நிற்பாள். கப்பலில் போகலாமா என்று விசாரித்தேன். பம்பாயில் ஏறி ஆப்பிரிக்கக் கரையில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்துப் போய்ச் சேருவதற்குள் பள்ளி திறந்து பரீட்சையே வந்துவிடும் என்றார்கள்.

3

மவுண்ட் ரோட்டில் டிக்கெட் எடுத்துக் கொடுத்த ஏஜெண்டிடம் போனேன். நல்ல மனிதர். என்னைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார்.

"பேப்பர் பாத்துட்டு வந்தீங்களா சார்? இப்பதான் சார் ரொம்ப சேஃப். ஒண்ணு விழுந்துட்டா அப்புறம் கொஞ்ச காலத்துக்கு விழாது."

நான் வருடக்கணக்காக நிகழ்தகவு கற்பிக்கிறவன். காசைச் சுண்டினால் போன தடவை தலை விழுந்தது காசுக்கு ஞாபகம் இருக்காது என்று பிள்ளைகளுக்குத் தொண்டை கிழியச் சொல்லியிருக்கிறேன். அதையே இவருக்கும் சொன்னேன். "அப்ப இன்னும் நல்லது சார், உங்களுக்கே எல்லாம் தெரிஞ்சிருக்கு" என்று கைகூப்பி அனுப்பிவிட்டார். எதற்கு அவ்வளவு சிரித்த முகம்? எதையோ மறைக்கிறார் என்று தோன்றியது.

எனக்கு இன்னொரு நம்பிக்கை இருந்தது. காலரா ஊசி போட்ட சான்றிதழ் எனக்குக் காலாவதியாகியிருந்தது. அது இல்லாமல் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். நம் ஊர் அலுவலகங்களைத் தெரிந்தவன் என்பதால், இன்று போய் நாளை வா என்பார்கள், பெரிய டாக்டர் லீவு என்பார்கள், முத்திரை பீரோவில் இருக்கிறது, சாவி வேறொருவரிடம் என்பார்கள், வெள்ளிக்கிழமை தன்னால் கடந்துவிடும் என்று தைரியமாகப் போனேன். ஊசி போட்டார்கள், கையெழுத்துப் போட்டார்கள், முத்திரை குத்தினார்கள். ஊசி போட்டுச் சில நாள் ஆனால்தான் சான்றிதழ் செல்லும் என்பதால் முன்தேதி போட்டுக் கொடுக்கிற வழக்கம் ஒன்று இருந்ததாம், அதையும் கேட்காமலே செய்து கொடுத்தார்கள். "பத்திரமா போய்ட்டு வாங்க சார்" என்று வேறு சொன்னார் அந்த குமாஸ்தா. அரை மணியில் வேலை முடிந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? நான் வெயிலில் நின்று அந்த முத்திரையை மூன்று தடவை பார்த்தேன். அசல் முத்திரைதான்.

வீட்டில் அதைவிட மோசம். அக்கா மூன்று நாளாக எனக்குப் பிடித்ததையே சமைத்துக்கொண்டிருந்தாள். வஞ்சிரம் வறுவல், மட்டன் குழம்பு, இடியாப்பம், தேங்காய்ப் பால். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். "அங்க யாருப்பா உனக்கு இதெல்லாம் செஞ்சு போடுவா?" என்று இன்னொரு கரண்டி ஊற்றினாள். அத்தான் அருளப்பன் அதற்கும் மேல். ரயில்வே கணக்குப் பிரிவில் இருந்தவர், ஃபிலிம் வீணாவது பொறுக்காதவர். அப்படிப்பட்டவர் என்னைத் தனியாகச் சுவரோரம் நிற்கவைத்துப் படம் எடுத்தார். முகம் மட்டும் தெரிகிற மாதிரி எடுத்தார். நேராகப் பார்க்கச் சொல்லி மறுபடியும் எடுத்தார்.

"எதுக்கு அத்தான் இத்தனை படம்?"

"கல்யாண ரோல்ல மூணு மிச்சம் இருந்துச்சுப்பா. கழுவக் குடுக்கணும்ல."

கேட்டால் நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மூன்றாவது படத்தைப் பெரிதாக்கி, மரச் சட்டம் போட்டு, கூடத்தில் எந்த ஆணியில் மாட்டுவார்கள் என்று நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிரேஸிடமிருந்து தந்தி வந்தது. வெள்ளி கிளம்புவது நிச்சயம்தானே என்று கேட்டிருந்தாள். விழுந்த விமானத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவளுக்கு என்ன தெரிந்திருக்கிறது, எதை என்னிடம் சொல்லாமல் விடுகிறாள் என்று அதையும் சந்தேகப்பட்டேன்.

4

இங்கே இதை எழுதிக்கொண்டிருக்கும்போது சுகந்தி எட்டிப் பார்த்து, என்ன எழுதுகிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். தமிழில் கேள் என்றேன். "என்னைப் பத்தியா?" என்றாள். இல்லை, நான் விமானத்தில் ஏறாத கதை என்றேன். "ஓ, அதுவா" என்று போய்விட்டாள். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. தெரிந்திருந்தால் இதை இவ்வளவு நிம்மதியாக எழுதியிருப்பேனா என்பது வேறு விஷயம். வெளியே ஜக்கராண்டா மரம் ஊதாவாகப் பூத்துக் கொட்டுகிறது, பால் பவுடர் கலந்த தேநீர் ஆறிக்கொண்டிருக்கிறது, நான் மீனம்பாக்கத்தில் நிற்கிறேன்.

5

வெள்ளிக்கிழமை ஒரு டாக்சி நிறைய உறவுக்காரர்கள் வழியனுப்ப வந்தார்கள். அக்கா வரவில்லை. அவள் ஒருபோதும் விமான நிலையத்துக்கு வந்ததில்லை. தலையில் கைவைத்து ஜெபம் பண்ணி, வீட்டு வாசலோடு நின்றுவிடுவாள். நான் வெளிநாடு போனதில் அவளுக்கு இன்னும் கோபம் என்று வெகுநாளாக எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

அத்தானும் மற்றவர்களும் டிக்கெட் வாங்கிக்கொண்டு பார்வையாளர் மாடிக்கு ஏறினார்கள். நான் உள்ளே போய் உட்கார்ந்தேன். ஓர் ஊழியர் எங்களை எண்ணினார். பிறகு மறுபடியும் எண்ணினார். எண்ணிக்கை ஏன் சரியாக வரவில்லை? கண்ணாடிக்கு வெளியே ஓர் ஆள் விமானத்தின் இறக்கைக்கு அடியில் துணியால் எதையோ துடைத்துக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் துடைப்பதற்கு என்ன இருக்கிறது? துடைத்துவிட்டுத் துணியைப் பார்த்தார். பார்த்துவிட்டு இன்னொருவரிடம் ஏதோ சொன்னார். அந்த ஆள் சிரித்தார்.

நான் எழுந்து கவுண்டருக்குப் போய், வயிறு சரியில்லை, என்னால் பயணம் செய்ய முடியாது என்று சொன்னேன். வயிறும் அந்தச் சமயம் எனக்கு ஒத்துழைத்தது. பெட்டியைத் தேடி இறக்கினார்கள். மற்றப் பயணிகள் என்னை முறைத்தார்கள். விமானம் எனக்காகத் தாமதமாகி, நான் இல்லாமல் கிளம்பி, பல்லாவரம் மலைக்கு மேலே ஏறிச் சின்னதாகிப் போனது. அது விழவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

மாடியிலிருந்து இறங்கி வந்த அத்தான், கடிகாரத்துக்குக் கீழே பெட்டியோடு நின்ற என்னைப் பார்த்தார். கைக்குட்டை இன்னும் அவர் கையில் இருந்தது.

"என்னப்பா இது? நாங்க இவ்ளோ நேரம் யாருக்குக் கையாட்டுனோம்?"

வந்த டாக்சிக்காரரே வெளியே நின்றிருந்தார். "இன்னா சார், போன சவாரியே ரிட்டன் வர்து? ப்ளேனு உன்ன வுட்டுட்டு பூட்ச்சா?" என்றார். நானே ஏறவில்லை என்றேன். "நல்ல வேல செஞ்ச சார். அத்த நம்பி மேல குந்திகினு போறதா? கீய ரோடு கீது, அம்சமா போலாம்" என்று சொல்லி, குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் நடுவில் எதிரும் புதிருமாக வந்த இரண்டு லாரிகளுக்கு இடையில் வண்டியைச் செருகினார். அத்தான் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு ஒரு பயமும் இல்லை. நிம்மதியாகத் தூங்கிக்கூடப் போயிருப்பேன்.

அக்கா கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள். உள்ளே போய் உலையில் இன்னும் கொஞ்சம் அரிசி போட்டாள். அவளுக்கும் மனசுக்குள் நிம்மதிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

6

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஆராதனைக்குப் போனோம். அறிவிப்புகள் படிக்கிற நேரம். மாதர் சங்கக் கூட்டம், ஒரு ஞானஸ்நானம், ஒரு திருமண ஓலை எல்லாம் ஆயிற்று. பிறகு ஸ்தோத்திரக் காணிக்கைகள். எங்கள் சபைகளில் பிறந்தநாளுக்கும், பரீட்சை தேறியதற்கும், பிரயாணம் சுகமாய் முடிந்ததற்கும் ஒரு காணிக்கையைக் கவரில் போட்டுச் சீட்டெழுதிக் கொடுப்போம். போதகர் பீடத்திலிருந்து அதைச் சபைக்கு வாசிப்பார். போதகர் தலையை நிமிர்த்தாமல் வாசித்துக்கொண்டே வந்தார்.

"திருமதி ரெஜினா அருளப்பன் குடும்பத்தார், தங்கள் தம்பி திரு. சாமுவேல் அவர்கள் ஆகாய விமானத்தில் சுகமாய் ஆப்பிரிக்கா தேசம் போய்ச் சேர்ந்த நன்மைக்காக தேவனுக்கு ஸ்தோத்திரம் செலுத்துகிறார்கள்."

வாசித்துவிட்டு நிமிர்ந்தார். ஆண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் ஆப்பிரிக்கா போய்ச் சேர்ந்த நான் உட்கார்ந்திருந்தேன். போதகர் சீட்டைத் திருப்பிப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார். அதற்குள் சபையே என்னைப் பார்த்தது. பெண்கள் பக்கத்தில் அக்கா முக்காட்டை நெற்றிவரை இழுத்துக்கொண்டு தலை குனிந்திருந்தாள்.

வெளியே வந்ததும் ஆரம்பித்தார்கள். "சாமுவேல் சார், எப்படி, பிரயாணம் எல்லாம் சௌகரியமா இருந்துச்சா?" என்று ஒருவர் கையைக் குலுக்கினார். இன்னொருவர் என்னை வேப்பமரத்தடிக்கு ஒதுக்கி, "நம்மகிட்ட சொல்லலாம் சார். அங்க வேலையில ஏதாவது சிக்கலா? வீட்டுல சண்டையா?" என்றார். வேலை போய்விட்டது, அதை மறைக்கத்தான் வீட்டார் போய்ச் சேர்ந்ததாக எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்று ஒரு கட்சி. கிரேஸ் என்னை வீட்டைவிட்டு அனுப்பிவிட்டாள் என்று இன்னொரு கட்சி. ஒரு வாரமாக உலகத்தையே சந்தேகப்பட்டவனுக்கு, உலகம் திருப்பிச் சந்தேகப்பட்டால் எவ்வளவு எரிச்சல் வரும் என்று அன்று தெரிந்தது. அத்தான் சபைச் செயலரிடம் போய், காணிக்கை தவறுதலாகப் போய்விட்டதே, என்ன செய்யலாம் என்று மெதுவாகக் கேட்டார். "படிச்சது படிச்சதுதான் சார். அடுத்து ஏதாவது நன்மை நடந்தா அதுல சேத்துக்கலாம்" என்றார் அவர்.

7

வீட்டுக்கு வந்து சட்டையைக்கூட மாற்றாமல் சமையலறை வாசலில் போய் நின்றேன். கோபம் தலைக்கேறியிருந்தது.

"ஏறுறதுக்கு முந்தியே போய்ச் சேர்ந்துட்டேன்னு எழுதிக் குடுத்திருக்கியே, என்னை அனுப்புறதுல உனக்கு என்னக்கா அவ்ளோ அவசரம்?"

அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"சனிக்கிழமை போய்ச் சீட்டை வாங்கிட்டு வந்திருக்கணும். நீ திரும்பி வந்ததுல மறந்தே போச்சு. மன்னிச்சுக்கப்பா."

"அது இல்ல. ஏன் முந்தியே குடுத்த?"

"எப்பவுமே முந்தித்தான் குடுப்பேன்."

எனக்குப் புரியவில்லை. அப்படியானால் இத்தனை வருடமும் இப்படித்தான் செய்துகொண்டிருந்தாளா? கத்தியைக் கீழே வைத்தாள்.

"மொதல் தடவை நீ போனப்ப, தந்தி வர்ற வரைக்கும் நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது. கேட் சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடுவேன். நல்ல செய்தின்னாலும் அதே தந்திக்காரன், கெட்ட செய்தின்னாலும் அதே ஆளு. அவன் சைக்கிளை ஸ்டாண்டு போடுற வரைக்கும் எதுன்னு தெரியாது. சோறு எறங்கல எனக்கு. அதான் அடுத்த தடவை நீ கெளம்புறதுக்கு முந்தியே நன்றின்னு எழுதிக் குடுத்துட்டேன். வாங்கிக்கிட்டவர் பாத்துக்கட்டும். நன்றி சொன்னப்புறம் நான் பயந்தா, அவரை நம்பலைன்னு ஆயிடும்ல? அதனால பயப்படக் கூடாதுன்னு எனக்கு நானே கட்டுப்பாடு போட்டுக்கிட்டேன்."

"பயம் போச்சா?"

"எங்க போச்சு? வெளிய சொல்ல முடியாமப் போச்சு, அவ்ளோதான்."

"ஏர்போர்ட்டுக்கு நீ வராததும் இதுக்குத்தானா?"

"அது மேல எழும்புறதைப் பாக்க என்னால ஆகாதுப்பா."

வெங்காயத்தாலோ என்னவோ அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் மணையை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தேன். ஏஜெண்டையும் குமாஸ்தாவையும் இறக்கை துடைத்தவரையும் சந்தேகித்துச் சந்தேகித்து நான் ஒரு வாரமாகச் சொல்லாமல் தப்பித்த வார்த்தையை, இவள் வருடக்கணக்காக வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு எனக்கு வஞ்சிரம் வறுத்துப் போட்டிருக்கிறாள். எனக்கு வெட்கமாக இல்லை. துணைக்கு ஓர் ஆள் கிடைத்த மாதிரி இருந்தது.

"அக்கா, எனக்கு ரொம்பப் பயமா இருக்கு" என்றேன்.

"தெரியும். பெட்டியோட வந்து நின்னப்பவே தெரியும்."

"புதன்கிழமை ப்ளேன்ல இடம் இருக்காம். அதை விட்டா பள்ளிக்கூடம் திறந்துடும். கிரேஸும் பாப்பாவும் தெருவுல நிப்பாங்க."

"அப்ப போகத்தான் வேணும்."

"போறேன். ஆனா இந்தத் தடவை நீ சீட்டு எழுதாதே. தந்தி வந்தப்புறம் எழுது. நான் பயந்துக்கிட்டே போறேன், நீயும் பயந்துக்கிட்டே இரு. ரெண்டு பேருமா பயப்படலாம்."

அக்கா கத்தியை எடுத்து மிச்ச வெங்காயத்தை நறுக்கினாள். பிறகு, "படிச்சதுதான் படிச்சாச்சே" என்றாள்.

"அது நான் ஏறாத ப்ளேனுக்கு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. கூடத்திலிருந்து அத்தான், என்ன ஆயிற்று என்று கேட்டுக்கொண்டே எழுந்து வந்தார்.

8

புதன்கிழமை டாக்சியில் மூன்றே பேர். அத்தான், நான், அக்கா. கல்யாணத்துக்குக் கட்டிய பட்டுப்புடவையையே கட்டிக்கொண்டு வந்திருந்தாள். பல்லாவரம் தாண்டியதும் என் கையைப் பிடித்தவள் விமான நிலையம் வரை விடவில்லை. அவள் கை ஜில்லென்று வியர்த்திருந்தது. என் கையும் அப்படித்தான்.

உள்ளே அதே ஊழியர் எங்களை எண்ணினார். மறுபடியும் எண்ணினார். வெளியே விமானத்தை யாராவது துடைக்கிறார்களா என்று நான் பார்க்கவில்லை. ஓடுதளத்து வெயிலில் நடந்து படியேறும்போது திரும்பிப் பார்த்தேன். பார்வையாளர் மாடியில், கம்பியோரம், பட்டுப்புடவை தெரிந்தது. கையாட்டிக்கொண்டிருந்தாள்.

ஜன்னலோர இடம். கதவைச் சாத்தினார்கள். இறங்கிவிடலாமா என்று ஒரு தடவை எழுந்திருக்கப் பார்த்தேன். மாடியில் மற்றவர்கள் கைகளை இறக்கிவிட்டுப் படிக்கட்டுப் பக்கம் நகரத் தொடங்கியிருந்தார்கள். அக்கா மட்டும் இன்னும் ஆட்டிக்கொண்டிருந்தாள். விமானம் மெல்லத் திரும்பி மாடிக்கு எதிரே வந்தபோதுதான் அவள் முகம் சரியாகத் தெரிந்தது. கண்களை இறுக மூடியிருந்தாள். அத்தான் குனிந்து அவள் காதில் ஏதோ சொன்னார். அவள் மாட்டேனென்று தலையை அசைத்தாள். கண்ணைத் திறக்காமலே, இன்னும் வேகமாகக் கையை ஆட்டினாள்.